மூடிய முற்றத்துக்கு ஒளிக்கூரை: அம்மாவின் உறக்கத்துக்காகச் செய்த வேலை

கும்பகோணத்தில் எங்கள் வீடு, தெருவை ஒட்டி வரிசையாக அமைந்த பழைய ஓட்டு வீடுகளுள் ஒன்று. இரு பக்கச் சுவர்களும் அண்டை வீடுகளோடு பொதுவானவை என்பதால் அவற்றில் சன்னல் வைக்க வழியே இல்லை. திண்ணை, ரேழி, கூடம், தாழ்வாரம், சமையலறை, கொல்லை என்று வீடு நீளவாக்கில் உள்ளே போய்க்கொண்டே இருக்கும். இத்தனைக்கும் வெளிச்சம் தருவது நடுவிலுள்ள முற்றம் ஒன்றுதான். அந்த முற்றத்தைக் குரங்குத் தொல்லைக்கும் மழைச் சாரலுக்கும் அஞ்சி, அப்பா இருந்த காலத்திலேயே ஆஸ்பெஸ்டாஸ் தகடு போட்டு முழுவதுமாக மூடிவிட்டார்கள். அன்றிலிருந்து பகலிலும் டியூப்லைட் எரியும் வீடாக அது மாறிப்போனது. அந்தத் தகடுகளை இறக்கிவிட்டு ஒளி புகும் கூரை அமைத்ததையும், அதன் தொடர்ச்சியாக இரவு விளக்குகளை மாற்றியதையும் இங்கே பதிவு செய்கிறேன்.

இந்த வேலையில் இறங்கியதற்குக் காரணம் அம்மா. எழுபது வயதைக் கடந்த அவர், பகல் முழுவதும் கூடத்து நாற்காலியில் அமர்ந்தபடியே கண்ணயர்வதும், இரவு இரண்டு மணிக்கு விழித்துக்கொண்டு விடியும்வரை உட்கார்ந்திருப்பதும் வழக்கமாகிவிட்டன. பேச்சு குறைந்தது, கோலம் போடுவதிலும் பூக்கட்டுவதிலும் இருந்த ஆர்வம் போயிற்று. உறக்கக் குறைவுக்கும் மனச்சோர்வுக்கும் பல காரணங்கள் இருக்கக்கூடும் என்பதால், முதலில் மருத்துவரிடம் அழைத்துச் சென்றோம். தைராய்டு, இரத்தச் சோகை, சாப்பிட்டுவரும் மாத்திரைகள் என எல்லாவற்றையும் பார்த்த பிறகு அவர் கேட்ட கேள்வி, "பகல்ல எவ்வளவு நேரம் வெளிச்சத்துல இருக்காங்க?" என்பது. முழங்கால் வலியால் அம்மா வாசலுக்கு வருவதே குறைந்துவிட்டிருந்தது. அந்தக் கேள்விக்கு எங்களிடம் சொல்லும்படியான பதில் இல்லை. கண் மருத்துவரிடமும் காட்டி, கண்புரை அறுவை நடந்த கண்ணும் மற்றக் கண்ணும் நலமாக உள்ளன என்று உறுதி செய்துகொண்ட பின்னரே வீட்டின் வெளிச்சத்தை அளக்கத் தொடங்கினேன்.

அளப்பதற்கு, விழும் வெளிச்சத்தை லக்ஸ் என்ற அலகில் காட்டும் ஒரு சிறிய லக்ஸ் மீட்டர் வாங்கினேன். கைப்பேசிச் செயலிகளும் அளவு காட்டும் என்றாலும், ஒரே இடத்தில் இரண்டு கைப்பேசிகள் இரண்டு விதமாகக் காட்டுவதால் ஒப்பிட்டுப் பார்ப்பதற்கு அவை உதவவில்லை. விளக்கு வேலை செய்பவர்கள் பொதுவாக மேசைமேல் மீட்டரைப் படுக்கவைத்து அளப்பார்கள். எழுதுவதற்கும் காய் நறுக்குவதற்கும் அந்த அளவு போதும். உடலுக்கு எவ்வளவு ஒளி போகிறது என்று அறிய வேண்டுமானால், உட்கார்ந்திருப்பவரின் கண் இருக்கும் உயரத்தில், அவர் பார்க்கும் திசையை நோக்கி உணரியைச் செங்குத்தாகப் பிடிக்க வேண்டும். அப்படிப் பிடித்தபோது, காலை ஒன்பது மணிக்கு அம்மாவின் நாற்காலியில் டியூப்லைட்டை அணைத்துவிட்டால் சுமார் 30 லக்ஸ், போட்டால் 90 லக்ஸ். அதே நேரத்தில் வாசல் திண்ணையில், வெயில் நேரே படாத நிழலில், தெருவை நோக்கிப் பிடித்தால் 3,000 லக்ஸுக்கு மேல் ஏறியது. வெட்டவெளியின் நடுப்பகல் வெயிலில் 1,00,000 லக்ஸ் வரை போகும். கண்ணின் பாவை தன்னைச் சுருக்கியும் விரித்தும் விழித்திரை தன் கூருணர்வை மாற்றியும் சமாளித்துக்கொள்வதால், 90 லக்ஸ் அறையும் நமக்கு வெளிச்சமான அறையாகவே தோன்றுகிறது. கண்ணால் பார்த்து மதிப்பிட முடியாத வேறுபாடு இது என்பதால்தான் கருவி தேவைப்பட்டது.

எவ்வளவு வேண்டும் என்பதற்கும் ஓர் அளவுகோல் இருக்கிறது. உறக்கத்தையும், உறங்கி விழிக்கும் நேரத்தை உடலுக்குள்ளிருந்து நடத்தும் உயிரியல் கடிகாரத்தையும் ஆராயும் பன்னாட்டு அறிவியலாளர்கள் சிலர் 2022-இல் சேர்ந்து வெளியிட்ட பரிந்துரையின்படி, பகல் முழுவதும் கண்ணில் விழும் ஒளி குறைந்தது 250 அலகு இருக்க வேண்டும். படுப்பதற்கு முந்தைய மூன்று மணி நேரத்தில் 10 அலகைத் தாண்டக் கூடாது. உறங்கும் அறையில் 1 அலகுக்கு மேல் கூடாது. இந்த அலகு லக்ஸ்தான் என்றாலும், உடற்கடிகாரத்துக்கு எந்த அலைநீளம் முக்கியமோ அதற்கேற்பத் திருத்திய லக்ஸ். பகலொளியில் மீட்டர் காட்டும் எண்ணை அப்படியே எடுத்துக்கொள்ளலாம். மஞ்சள் கலந்த 2,700 கெல்வின் எல்.இ.டி. விளக்கானால் மீட்டர் எண்ணில் பாதிக்கும் குறைவாகவே கணக்கில் வரும் (கெல்வின் எண் குறைந்தால் ஒளி மஞ்சளாகும், கூடினால் நீலம் கலந்த வெண்மையாகும்). இந்தக் கணக்கில் எங்கள் வீடு தலைகீழாக இருந்தது. பகலில் தேவைக்கு மிகக் குறைவு. இரவிலோ, அதே வெண்ணிற டியூப்லைட் படுக்கும் நேரம்வரை எரிந்ததால், தேவைக்கு மிக அதிகம்.

இதற்குப் பின்னால் உள்ள உடலியல் அண்மைக் காலத்தில்தான் தெளிவானது. கண்ணில் கூம்பு செல்களும் கோல் செல்களும் மட்டுமே ஒளியை உணர்கின்றன என்றுதான் நெடுங்காலம் பாடநூல்கள் சொல்லிவந்தன. 1998-இல் இக்னாசியோ புரொவென்சியோவும் அவருடைய குழுவினரும் தவளையின் தோலில் மெலனாப்சின் என்ற ஒளியுணர் புரதத்தைக் கண்டறிந்தார்கள். 2002-இல் டேவிட் பெர்சன் குழுவினர், விழித்திரையின் நரம்புச் செல்களுள் அந்தப் புரதத்தைக் கொண்ட ஒரு சிறு பிரிவு தாமாகவே ஒளியை உணர்ந்து மூளையின் கடிகாரப் பகுதிக்குச் செய்தி அனுப்புவதைக் காட்டினார்கள். உருவத்தைப் பார்ப்பது அச்செல்களின் முதன்மை வேலையன்று. பகலா இரவா என்று சொல்வதே முக்கிய வேலை. சுமார் 480 நானோமீட்டர் அலைநீளமுள்ள நீல ஒளிக்கு அவை மிகுதியாக எதிர்வினை காட்டுகின்றன. மனிதரின் உள் கடிகாரம் சராசரியாக 24 மணி நேரத்தைவிடச் சற்றே நீளமாக ஓடுவதால், நாள்தோறும் காலை வெளிச்சம் அதைத் திருத்தி வைக்க வேண்டியிருக்கிறது. வயது ஏற ஏற கண்ணின் வில்லை மஞ்சளாகிறது, பாவை சிறுக்கிறது. ஆகவே முதியவருக்கு உள்ளே போகும் நீல ஒளி குறைகிறது. வெளியே குறைவாக நடமாடுகிறவரும் அவரே. இளையவருக்குப் போதுமான அறை முதியவருக்குப் போதாமல் போவது இதனால்தான்.

குளிர்நாடுகளில் இந்தச் சிக்கலுக்குக் காரணம் பருவம். எங்கள் ஊர் சுமார் 11 பாகை வட அட்சத்தில் இருக்கிறது. மார்கழிப் பகலுக்கும் ஆனிப் பகலுக்கும் உள்ள வேறுபாடு ஒன்றேகால் மணி நேரம்தான். வானத்தில் வெளிச்சத்துக்குப் பஞ்சமில்லாத ஊரில் ஒரு மூதாட்டியை வெளிச்சப் பற்றாக்குறையில் வைத்திருந்தது அந்தக் கூரை மட்டுமே என்பது அளவெடுத்த அன்றே உறுதியாயிற்று.

பழைய தகடுகளை இறக்குவதில் மிகுந்த கவனம் தேவைப்பட்டது. ஆஸ்பெஸ்டாஸ் இழைகள் மூச்சோடு உள்ளே போனால், பல பத்தாண்டுகள் கழித்தும் நுரையீரல் நோயையும் புற்றுநோயையும் உண்டாக்கக்கூடியவை. தகடு முழுதாக இருக்கும்வரை இழை அவ்வளவாக வெளியேறாது. உடைக்கும்போதும் அறுக்கும்போதும் துளையிடும்போதும்தான் பறக்கும். ஆகவே அம்மாவை அன்று சித்தி வீட்டுக்கு அனுப்பிவிட்டு, தகடுகளை மேலிருந்து நன்றாக நனைத்து, தகட்டைச் சட்டத்தோடு பிடித்திருந்த, துருவேறிய ஜே-கொக்கிகளின் மரைகளை மட்டும் வெட்டியெடுத்து, ஒவ்வொரு தகட்டையும் உடையாமல் கயிறு கட்டி இறக்கினோம். சுத்தியலால் தட்டிக் கீழே போட்டால் ஒரு மணி நேரத்தில் முடியும் வேலை என்று வேலையாட்கள் சொன்னார்கள், நான் ஒப்புக்கொள்ளவில்லை. சாதாரணத் துணி முகமூடி இவ்விழைகளைத் தடுக்காது என்பதால் எல்லோருக்கும் நுண்துகள் வடிகட்டும் முகமூடி வாங்கிக் கொடுத்தேன். இறக்கிய தகடுகளைத் தடித்த பாலித்தீனில் சுற்றி ஒட்டி, தரையைத் துடைப்பத்தால் பெருக்காமல் ஈரத்துணியால் துடைத்து, அந்தத் துணிகளையும் அதே பொதியில் சேர்த்தோம்.

தகடுகள் போன மாலையில் திறந்த முற்றத்தின் விளிம்பில் அளந்தேன். நாற்காலியை முன்பிருந்த இடத்திலிருந்து தாழ்வாரத்துக்கு நகர்த்தி முற்றத்தைப் பார்க்கப் போட்டால், ஐந்து மணி வெளிச்சத்திலேயே 700 லக்ஸ் இருந்தது. திறந்தபடியே விட்டுவிடலாம் என்று எனக்கு ஆசைதான். ஆனால் குரங்குகள் இன்னும் ஊரில் இருக்கின்றன. ஐப்பசி மழையில் நனைந்த தரை, முழங்கால் வலியுள்ளவருக்கு ஆபத்து. எனவே பாலிகார்பனேட் என்ற உறுதியான, ஒளி புகும் பிளாஸ்டிக் தகடு போடுவது என்று முடிவாயிற்று.

என்ன நிறத் தகடு என்ற கேள்வி அங்கேதான் எழுந்தது. கடையில் நிறமற்றது, பால்வெள்ளை, நீலம், பச்சை, பழுப்பு என ஐந்து வகை இருந்தன. பார்க்க வந்த மாமா, "நீலத்துல போட்டா மனசுக்கு அமைதியா இருக்கும்ப்பா. உன் பையன் பொறந்தப்ப காமாலைக்கு நீல விளக்குலதானே போட்டு வச்சாங்க?" என்றார். நல்ல கேள்வி அது. அதற்கு நேர்மையாகப் பதில் சொல்ல வேண்டும் என்பதால் சற்று விரிவாகவே எழுதுகிறேன்.

பிறந்த குழந்தையின் காமாலைக்கு நீல ஒளி உண்மையான மருத்துவம். இங்கிலாந்தில் எசெக்ஸ் மாவட்டத்தின் ராச்போர்டு மருத்துவமனையில், வெயில் பட்ட குழந்தையின் தோலில் மஞ்சள் குறைவதைச் செவிலியர் ஜீன் வார்டு கவனித்ததிலிருந்து அது தொடங்கியது. மருத்துவர் கிரெமரும் உடன் பணியாற்றியோரும் 1958-இல் அதை ஆய்வாக வெளியிட்டார்கள். தோலில் தேங்கும் பிலிரூபின் என்ற பொருள் சுமார் 460 நானோமீட்டர் நீல ஒளியை உறிஞ்சித் தன் மூலக்கூறு வடிவத்தை மாற்றிக்கொள்கிறது. மாறிய வடிவத்தை உடலால் எளிதில் வெளியேற்ற முடிகிறது. மனத்துக்கும் அதற்கும் தொடர்பில்லை. குழந்தையின் கண்ணைக் கட்டிவிட்டுத்தான் அந்த விளக்கின்கீழ் வைக்கிறார்கள் என்பதை மாமாவுக்கு நினைவூட்டினேன்.

நீலக் கூரை என்ற எண்ணத்துக்கும் ஒரு வரலாறு உண்டு. அமெரிக்காவின் பிலடெல்பியாவைச் சேர்ந்த அகஸ்டஸ் பிளெசன்டன் என்பவர், திராட்சை வளர்க்கும் கண்ணாடிக் கூடத்தின் கூரையில் இடையிடையே நீலக் கண்ணாடி வரிசைகளைப் பதித்து, செடியும் விலங்கும் அதனால் செழிக்கின்றன என்று வாதிட்டார். 1876-இல் அவர் வெளியிட்ட நூல் நீலத்தாளில் நீல மையால் அச்சிடப்பட்டது. அடுத்த ஆண்டு அமெரிக்காவில் வீட்டு சன்னல்களுக்கெல்லாம் நீலக் கண்ணாடி வாங்கும் மோகம் பரவி, விரைவிலேயே அடங்கியது. பின்னர் பம்பாயில் பிறந்து அமெரிக்காவில் குடியேறிய தின்ஷா கடியாலி, 1920-இல் ஸ்பெக்ட்ரோகுரோம் என்ற கருவியைக் கொண்டுவந்தார். வலிமையான மின்விளக்கின்முன் நிறக் கண்ணாடிகளை மாற்றி மாற்றி வைத்து எல்லா நோய்களையும் தீர்க்கலாம் என்பது அவர் கூற்று. 1947-இல் நியூஜெர்சியின் கேம்டன் நீதிமன்றம் அவரைக் குற்றவாளி எனத் தீர்த்தது. அந்தக் கருவியை நம்பி உண்மையான மருத்துவத்தைக் கைவிட்ட நோயாளிகள் இறந்ததும் வழக்கில் வெளிவந்தது. இன்று நிறச் சிகிச்சை என்ற பெயரில் சொல்லப்படுபவற்றில் பெரும்பகுதி இந்த வழியில் வந்ததே. ஒளிக்கு உடல்மீது வலிமையான விளைவு உண்டு என்று நம்புகிறவன் என்ற முறையிலேயே சொல்கிறேன்: மெய்யாகவே பயனுள்ள ஒன்றின் பெயரைக் கெடுப்பவை இவை.

உடற்கடிகாரத்துக்கு நீல அலைநீளம் முக்கியம் என்றால் நீலத் தகடு நல்லதுதானே என்று ஒருவர் கேட்கலாம். அதற்கும் விடை எளிது. நிறத் தகடு எதையும் கூட்டுவதில்லை, கழிக்க மட்டுமே செய்கிறது. வெயிலில் உள்ள நீலம் நீலத் தகடு வழியே ஓரளவும், நிறமற்ற தகடு வழியே பெரும்பகுதியும் இறங்கும். கடைக்காரரிடம் ஐந்து வகையிலும் ஒரு சாண் துண்டு வாங்கி, மொட்டைமாடியில் லக்ஸ் மீட்டரின்மேல் ஒவ்வொன்றாக வைத்துப் பார்த்தேன். வெற்று வெயிலை நூறு என்று கொண்டால், 6 மி.மீ. இரட்டைச் சுவர்த் தகட்டில் நிறமற்றது எண்பதை ஒட்டியும், பால்வெள்ளை ஐம்பதுக்குச் சற்றுக் கீழும், நீலமும் பச்சையும் முப்பதைத் தாண்டியும், பழுப்பு முப்பதுக்குக் கீழும் காட்டின. இந்த மீட்டர் மனிதப் பார்வைக்கு ஏற்பப் பச்சைக்கு அதிக மதிப்புத் தருவதால் நீலத் துண்டுக்குச் சற்றுக் குறைத்தே காட்டும் என்பதைக் கணக்கில் எடுத்துக்கொண்டாலும் முடிவு மாறவில்லை.

நிறத் தகட்டுக்கு எதிராக வேறொரு காரணமும் இருந்தது. எனக்கு அது இன்னும் முக்கியமானதாகப் பட்டது. நீலத் தகட்டின்கீழ் எல்லாமே நீலமாகத்தான் தெரியும். அம்மா இரண்டு நிற மாத்திரைகளை நிறம் பார்த்தே பிரித்து எடுப்பவர்; அரிசியில் கல்லும் கீரையில் பழுத்த இலையும் பார்க்கிறவர். முகத்தில் வெளிறலோ காமாலையோ தெரிந்தாலும் நமக்குப் புலப்பட வேண்டும். பகலின் முழு வெண்ணொளியைக் கெடுக்காமல் உள்ளே விடும் தகடுதான் வாழும் இடத்துக்கு ஏற்றது. மாமாவும் துண்டுகளைக் கையில் வைத்துப் பார்த்துவிட்டு நிறமற்றதற்கே சம்மதித்தார்.

முற்றம் பத்தடிக்குப் பன்னிரண்டடி. ஒன்றரை அங்குலச் சதுரக் குழாயில் சட்டம் செய்து, ஓட்டு விளிம்புக்கு ஒன்றரை அடி மேலே தூக்கி நிறுத்தி, நான்கு பக்க இடைவெளியையும் பற்றவைத்த கம்பி வலையால் அடைத்தோம். சூடேறிய காற்று மேலே எழுந்து அந்த வலை வழியே வெளியேறட்டும் என்பதற்காகவே அந்த உயரம். தகட்டை ஓட்டோடு ஒட்டிப் போட்டால் முற்றம் அடுப்பாகிவிடும். சாரல் உள்ளே வராதபடி கூரையின் விளிம்பு சுற்றிலும் ஓரடி வெளியே நீண்டிருக்கிறது. பன்னிரண்டடி நீளத்துக்கு ஓரடி சரிவு கொடுத்து, தாழ்ந்த பக்கத்தில் தகரக் கால்வாய் வைத்து, முற்றத்தின் பழைய தூம்புக்கே நீரை இறக்கினோம். குறுக்குக் குழாய்கள் இரண்டரை அடிக்கு ஒன்று. துருத்தடுப்புப் பூச்சின்மேல், தகடு படும் பக்கத்தில் வெள்ளை வண்ணம் அடித்தேன். கருநிறக் குழாய் வெயிலில் மிகவும் சூடேறித் தகட்டை அந்த இடத்தில் வாட்டும்.

பாலிகார்பனேட் வேலையில் பலரும் தவறவிடுபவற்றைச் சொல்ல வேண்டும். பெரும்பாலான தகடுகளில் ஒரு பக்கத்தில் மட்டுமே புற ஊதாக் கதிரைத் தாங்கும் பூச்சு இருக்கும். அது எந்தப் பக்கம் என்று மேலே ஒட்டிய படலத்தில் அச்சிடப்பட்டிருக்கும். படலத்தை உரிப்பதற்கு முன்பே அந்தப் பக்கத்தின் மூலையில் குறியிட்டு, அதையே வானம் பார்க்க வைக்க வேண்டும். மாற்றி வைத்தால் சில ஆண்டுகளிலேயே மஞ்சளாகி உடையும். இரட்டைச் சுவருக்கு இடையிலுள்ள நீண்ட குழல்கள் சரிவின் திசையிலேயே ஓட வேண்டும். மேல்முனையை அலுமினிய நாடாவால் முழுதும் அடைத்து, கீழ்முனையில் ஈரம் வெளியேறும் துளை நாடா ஒட்ட வேண்டும்; இல்லாவிட்டால் குழலுக்குள் நீர் கோத்துப் பாசி பிடித்து, ஒளி குறையும்.

வெப்பத்தால் இந்தத் தகடு நீளுவது இரும்பைவிடப் பலமடங்கு அதிகம். 3.6 மீட்டர் தகடு 40 டிகிரி வெப்ப மாற்றத்துக்கு ஏறத்தாழ 9 மி.மீ. நீளும். ஆகவே நடுவரிசைத் திருகுகளை மட்டும் நிலையாக முறுக்கி, இரு முனைகளை நோக்கிய துளைகளை நீளவாட்டில் இழுத்துவிட்டேன். அகன்ற ரப்பர் வாஷர் தகட்டைத் தொடும் அளவுக்கு முறுக்கினால் போதும். நசுங்கும்வரை முறுக்கினால் துளையிலிருந்து விரிசல் ஓடும். இணைப்புகளில் புளிப்பு நெடி வீசும் சிலிக்கோனைத் தவிர்த்து, நடுநிலை வகையையே பயன்படுத்தினோம். முந்தையது நாளடைவில் பாலிகார்பனேட்டை அரிக்கும்.

சுவர் வேலை விரைவில் முடிந்தது. தாழ்வாரத்திலும் கூடத்திலும் முன்பு கரும்பச்சை டிஸ்டெம்பர் இருந்தது. அதைச் சுரண்டிவிட்டு வெள்ளைச் சுண்ணாம்பு இரண்டு பூச்சு அடித்ததும், முற்றத்திலிருந்து ஆறடி உள்ளே கூடத்தில் மீட்டர் ஏறத்தாழ ஒன்றரை மடங்கு கூடுதலாகக் காட்டியது. பளபளக்கும் வண்ணம் கண்புரை அறுவை செய்த கண்ணைக் கூச வைக்கும் என்பதால் மங்கிய பூச்சுதான் வேண்டும்.

வெயில்தான் எல்லோரும் எழுப்பிய ஆட்சேபம். எங்கள் ஊரில் ஏப்ரல் மூன்றாம் வாரத்திலும் ஆகஸ்ட் நான்காம் வாரத்திலும் நண்பகல் சூரியன் நேர் உச்சியில் நிற்கும். நிறமற்ற தகடு வழியே அது முற்றத் தரையில் முழுதாக இறங்கும். இதற்காகச் சட்டத்தின் அடியில் இரு கம்பிகள் இழுத்து, வளையங்களில் வெள்ளைக் காடாத் துணியைக் கோத்து, கயிற்றை இழுத்தால் மூடவும் திறக்கவும் முடியும்படி செய்தோம். பதினோரு மணிக்குத் துணியை இழுத்துவிட்டு நான்கு மணிக்குத் திறக்கிறோம். உடற்கடிகாரத்துக்கு வேண்டியது காலை வெளிச்சம்; அது குளிர்ந்த நேரத்திலேயே கிடைத்துவிடுகிறது. துணி மூடியிருக்கும்போதும் தாழ்வாரத்தில் 500 லக்ஸுக்குக் குறையவில்லை. இந்தக் கூரை வழியே வரும் வெயிலால் வைட்டமின் டி கிடைக்காது என்பதையும் சொல்ல வேண்டும். பாலிகார்பனேட் புற ஊதாக் கதிரைத் தடுத்துவிடுகிறது. அதற்கு அம்மா திண்ணைக்கு வந்துதான் ஆக வேண்டும்.

இரவு விளக்குகளுக்குச் செலவு மிகக் குறைவு. பயன் கூரைக்குச் சற்றும் குறைந்ததன்று. அம்மாவின் அறையில் 6,500 கெல்வின் வெண்ணிற எல்.இ.டி. டியூப்லைட் ஒன்றும், நீலநிற ஜீரோ வாட் பல்பு ஒன்றும் இருந்தன. மாலை விளக்குகூட உறக்க இயக்குநீரான மெலட்டோனினைத் தாமதப்படுத்தும். 100 லக்ஸ் அளவிலான அறை ஒளிக்கே அந்த வலிமை உண்டு. டியூப்லைட்டைத் தேவைப்படும்போது மட்டும் போடும்படி தனி சுவிட்சில் விட்டுவிட்டு, அன்றாடத்துக்கு 2,700 கெல்வின், 5 வாட் பல்பைக் கட்டிலின் தலைமாட்டுக்குக் கீழே, இடுப்பளவு உயரத்தில், சுவரைப் பார்க்க மாட்டினேன். கண் நேராகப் பார்க்காத இடத்தில் ஒளி விழுவதால் அறை தெளிவாகத் தெரிகிறது. மீட்டரோ கண்ணருகே 10 லக்ஸுக்குள்தான் காட்டுகிறது. நீல ஜீரோ வாட் பல்பு போன இடத்தில், படுக்கையிலிருந்து கழிவறைவரை கணுக்கால் உயரத்தில், ஆள் நடமாட்டத்தை உணர்ந்து எரியும் மூன்று செம்மஞ்சள் விளக்குகளை வைத்தேன். நீண்ட அலைநீளமுள்ள இந்த ஒளி மெலனாப்சினை மிகக் குறைவாகவே தூண்டும். தரையும் வாசற்படியும் நன்றாகத் தெரிவதால் விழும் அச்சமும் இல்லை. எல்லா விளக்குகளும் அணைந்த அறையில் உறங்குவது நல்லது என்றாலும், முதியவர் வீட்டில் இருட்டில் நடப்பதைவிடப் பெரிய ஆபத்து வேறில்லை.

எல்.இ.டி. விளக்கு வாங்கும்போது மினுக்கத்தைச் சோதிக்க வேண்டும். நம் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ். மலிவான விளக்கின் சுற்று அதைச் சரியாகச் சீராக்காவிட்டால் ஒளி நொடிக்கு 100 முறை ஏறி இறங்கும். கண்ணுக்கு நேரடியாகத் தெரியாவிட்டாலும் சிலருக்குத் தலைவலியும் கண்சோர்வும் தரும். கைப்பேசியின் மெதுவசைவுப் படப்பிடிப்பில் விளக்கைப் பார்த்தால் பட்டை பட்டையாக ஓடுவது தெரிந்துவிடும். கடையிலேயே இப்படிப் பார்த்து வாங்கினேன்.

அடைமழை நாள்களுக்கு வேறு ஏற்பாடு வேண்டியிருந்தது. ஐப்பசி, கார்த்திகையில் வானம் நாள் முழுதும் கறுத்திருக்கும்போது தாழ்வாரத்து அளவு 300 லக்ஸை ஒட்டி இறங்கியது. 1980-இல் ஆல்பிரட் லூயி குழுவினர், தங்கள் ஆய்வில் சாதாரண அறை ஒளியால் ஒடுங்காத இரவு மெலட்டோனின் 2,500 லக்ஸ் ஒளியால் ஒடுங்குவதைக் காட்டினார்கள்; அறை ஒளிக்கும் ஓரளவு அந்த விளைவு உண்டு என்பது பின்னர்தான் தெரிந்தது. 1984-இல் நார்மன் ரோசன்தாலும் உடனிருந்தோரும், குளிர்காலத்தில் மட்டும் வரும் மனச்சோர்வை விவரித்து, பொலிவான ஒளியால் அது தணிவதைப் பதிவு செய்தார்கள். இப்போது அந்நோய்க்கு வழக்கமாகச் சொல்லப்படுவது காலையில் 10,000 லக்ஸ் அரை மணி, அல்லது 2,500 லக்ஸ் இரண்டு மணி. நான் செய்தது அவ்வளவு பெரிதன்று. கூரையில் பதிக்கும் இரண்டடிச் சதுர, 36 வாட் வெண்ணிற எல்.இ.டி. பலகை ஒன்றைத் தாழ்வாரச் சுவரில், அம்மா காபி குடிக்கும் சிறுமேசைக்குப் பக்கவாட்டில் நிறுத்தி மாட்டினேன். இரண்டடித் தொலைவில் கண்ணருகே ஏறத்தாழ 2,400 லக்ஸ் கிடைக்கிறது. பலகையை உற்றுப் பார்க்க வேண்டியதில்லை. பார்வையின் ஓரத்தில் இருந்தால் போதும். மழை நாள் காலையில் மட்டும் அது எரியும்.

இதை வீட்டில் செய்ய எண்ணுவோர் ஒன்றை மனத்தில் கொள்ள வேண்டும். இருமுனை மனநிலைக் கோளாறு உள்ளவருக்குப் பொலிவான ஒளி மிகையெழுச்சியைத் தூண்டக்கூடும். விழித்திரை நோய் உள்ளவரும், ஒளிக்கூச்சம் உண்டாக்கும் மருந்து சாப்பிடுபவரும் மருத்துவரைக் கேட்காமல் ஒளிப்பலகை முன் அமரக் கூடாது. நாங்கள் கேட்டுவிட்டே வைத்தோம்.

இப்போது காலை ஒன்பது மணிக்குத் தாழ்வாரத்து நாற்காலியில் மீட்டர் வெயில் நாளில் 1,800 லக்ஸ் காட்டுகிறது. அம்மா எழுந்ததும் அங்கே வந்து அமர்கிறார். செய்தித்தாளைக் கண்ணாடி போட்டுக்கொண்டு தாமே படிக்கிறார். முற்பகல் உறக்கம் நின்றுவிட்டது. இரவு பத்து மணிக்குள் படுத்து நான்கு மணிக்கு மேல்தான் எழுகிறார். இடையில் கழிவறைக்கு எழுந்தாலும் திரும்ப உறங்கிவிடுகிறார். பூக்கட்டுவதை மீண்டும் தொடங்கியிருக்கிறார். இந்த மாற்றம் முழுவதையும் ஒளியின் கணக்கில் எழுத நான் துணியமாட்டேன்: நாற்காலி இடம் மாறியதால் தெருவில் வருகிறவர்கள் ரேழி வழியே பார்த்துப் பேசிவிட்டுப் போகிறார்கள், முற்றத்துத் துளசிக்கு நீர் ஊற்ற அவர் நாலு தடவை நடக்கிறார். மருத்துவர் சொன்ன முழங்கால் பயிற்சியும் இதே காலத்தில்தான் தொடங்கியது.

கூரையைப் பராமரிக்கச் சிறு வேலைதான். காவிரிக்கரை ஊரின் தூசியும் காக்கை எச்சமும் தகட்டின்மேல் படிந்து ஒளியைக் குறைக்கின்றன. பொங்கலுக்கு முன் கழுவியபோது 1,500-இலிருந்து பழைய அளவுக்கு ஏறியது. வெயில் ஏறுமுன், தகடு குளிர்ந்திருக்கையில், மென்மையான சோப்பு நீரும் துணியும் போதும். தேய்க்கும் நாரும் தின்னரும் மேற்பூச்சைக் கெடுத்துவிடும். கழுவும்போது தகட்டின்மேல் ஏறாமல், சட்டத்தின்மேல் பலகை போட்டு அதன்மேல் நின்றே வேலை செய்ய வேண்டும்.